ஏசி போட்டால் இ.பி. பில் எவ்வளவு கூடும்?

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது, 1,081 ரூபாய் கட்டுகிறார். 1.5 டன், 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஓடும். கடைக்காரர், "மாதம் நானூறு ரூபாய்தான் கூடும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, "நாங்கள் ஏசி போட்ட பிறகு மூவாயிரத்து ஐந்நூறு வருகிறது" என்கிறார். இரண்டில் எது உண்மை, இதை எப்படித்தான் கணக்குப் போடுவது என்பது அவருடைய கேள்வி.

நீங்கள் கேட்டது ஏசி எத்தனை வாட் இழுக்கும் என்பது அல்ல. இப்போது 1,081 என்று வரும் அந்த எண் எதுவாக மாறும், அதைக் குடும்பம் தாங்குமா என்பதுதான் உங்கள் கவலை. அதனால் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் மாதங்களில், தினமும் 8 மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத பில்லில் சுமார் 2,200 முதல் 3,200 ரூபாய் வரை கூடும். மாதத்துக்கு 1,100 முதல் 1,600 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னது தவறு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரிதான், ஆனால் அவர் சொல்வது வீட்டின் மொத்த பில், அதுவும் இரண்டு மாதத்துக்கு. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன். வழி தெரிந்துவிட்டால் ஃபிரிட்ஜ், கீசர், மோட்டார் எதற்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்துவிட்டு இருபத்தாறு வருஷமாக வீட்டு வயரிங், மோட்டார், பேனல் போர்டு வேலை பார்த்து வருகிறேன். புது வயரிங் வேலையை விட "பில் ஏன் இவ்வளவு வருகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று கூப்பிட்ட வீடுகள்தான் அதிகம் இருக்கும். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

யூனிட் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1000 வாட் இழுக்கும் ஒரு சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் சுற்றினால் 900, அதாவது 0.9 யூனிட். இதுவரை சிக்கல் இல்லை. இதற்கு அடுத்த படியில்தான், அதாவது யூனிட்டை ரூபாயாக மாற்றும் இடத்தில்தான், முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை வைத்துச் சொல்கிறேன். 2025 ஜூலையில் கட்டணம் ஏறியபோது வீடுகளுக்கான கூடுதலை அரசே ஏற்றுக்கொண்டதால் இதே விகிதம் தொடர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 மே மாதத்தில் இது எல்லா வீட்டு இணைப்புக்கும் வந்தது. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. இது மொத்தம் 500-க்குள் நிற்கிற வீட்டுக்கு. 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை கிடைத்த அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை முழுக்க 4.70, 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. நாளைக்கே விகிதம் மாறினாலும் கணக்கு முறை மாறாது. புது எண்களை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் பல கணக்கீட்டுக் கருவிகள் மாதாந்திர பில் வருகிற ஊர்களுக்காகச் செய்தவை. நமக்குப் படிகள் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வருவதால் அவற்றில் வரும் விடை நம் வீட்டுக்குப் பொருந்தாது.

உங்கள் 380 யூனிட்டை இதில் போட்டுப் பாருங்கள். முதல் நூறு இலவசம். அடுத்த நூறுக்கு 235 ரூபாய். மீதி 180-க்கு 4.70 வீதம் 846. மொத்தம் 1,081. உங்கள் பில்லோடு சரியாகப் பொருந்துகிறது. ஆகவே அட்டவணையில் நமக்குச் சந்தேகம் இல்லை.

கடைக்காரர் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். 1,081-ஐ 380-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 2.84 ரூபாய் வருகிறது. ஏசி இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 288 யூனிட் எடுக்கும் (இந்த எண் எப்படி வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்). 288-ஐ 2.84-ஆல் பெருக்கினால் 818. மாதத்துக்கு 409. அவர் சொன்ன நானூறு இதுதான். அவர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை, நல்லெண்ணத்திலேயே இப்படிப் போட்டிருக்கலாம். ஆனால் ஏசி அந்த 2.84 ரூபாய் விலையில் ஓடாது. உங்கள் இலவச நூறு யூனிட்டையும், 2.35 ரூபாய் யூனிட்டுகளையும் ஃபேனும் லைட்டும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. பந்தியில் கடைசியாக வந்து உட்காருகிற ஆள் மாதிரி, புதிதாக வீட்டுக்கு வருகிற சாமானுக்கு மேல்படி யூனிட்டுதான் மிச்சம்.

ஆகவே, ஒரு சாமானுக்கான செலவு என்பது அந்தச் சாமான் இருக்கும்போது வரும் பில்லில் இருந்து, அது இல்லாதபோது வரும் பில்லைக் கழித்தால் கிடைப்பது. வேறு எந்தக் குறுக்கு வழியும் சரியான விடை தராது. உங்கள் வீட்டில் 380-உடன் 288 சேர்ந்தால் 668. இது 500-க்கு மேல். முதல் நூறு இலவசம், அடுத்த 300-க்கு 1,410, அடுத்த நூறுக்கு 630, அடுத்த நூறுக்கு 840, மிச்சம் 68-க்கு 9.45 வீதம் 642.60. கூட்டினால் 3,522.60. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மூவாயிரத்து ஐந்நூறு கிட்டத்தட்ட இதே எண்தான், கவனித்தீர்களா? இதிலிருந்து 1,081-ஐக் கழித்தால் 2,441.60. அதுதான் ஏசியின் செலவு. யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட எட்டரை ரூபாய் விழுகிறது, 2.84 அல்ல.

500 என்ற அந்த எல்லையை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம். சரியாக 500 யூனிட்டில் நின்றால் பில் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048.40. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட் எது? ஒரு வீட்டில் அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் போட்டதாக இருக்கலாம், இன்னொரு வீட்டில் மோட்டாரை நிறுத்த மறந்த ஒரு மணி நேரமாக இருக்கலாம். கணக்கெடுக்க வரும் தேதி உங்களுக்குத் தெரியும். அதற்குப் பத்து நாளைக்கு முன்னால் மீட்டரைப் பார்த்து, போன தடவை ரீடிங்கைக் கழித்து, 500-க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 470-ல் இருந்தால் அந்தப் பத்து நாளும் கொஞ்சம் அடக்கி வாசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 560-ல் இருந்தால் அந்தச் சலுகை போய்விட்டது. அதன் பிறகு கூடும் ஒவ்வொரு யூனிட்டும் 600 வரை எட்டரை ரூபாய்ப் பக்கம், அதற்கு மேல் ஒன்பதரைப் பக்கம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபாய்க் கணக்கு முழுக்க உறுதியானது. பைசா சுத்தமாகச் சொல்லலாம். உறுதியில்லாதது யூனிட் கணக்குதான். அந்த 288-க்கு இப்போது வருகிறேன்.

ஏசியின் பெயர்ப் பலகையில் 1,600 வாட் என்பது போல ஒரு எண் இருக்கும். சிலர் அதை எடுத்து 8 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கி 768 யூனிட் என்பார்கள். அப்படிப் போட்டால் உங்கள் பில் 8,579 ரூபாய் ஆகிவிடும். பயந்து ஏசியே வேண்டாம் என்று விட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த 1,600 என்பது கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும்போது இழுப்பது. இன்வெர்ட்டர் ஏசி, அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸரை நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடும். நடு இரவில் அது இழுப்பது முழு அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

சரி, அப்படியானால் எந்த எண்ணை நம்புவது? ஏசி மேல் நட்சத்திரம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மத்திய அரசின் பி.இ.இ. என்கிற எரிசக்தித் திறன் பணியகம் கொடுக்கும் ஸ்டிக்கர் அது. எல்லோரும் நட்சத்திரத்தை எண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள். அதே ஸ்டிக்கரில், ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஆகவே அந்த எண்ணை 1,600-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கான சராசரி யூனிட் கிடைத்துவிடும். 1.5 டன் 3 ஸ்டார் ஏசியில் 960 என்று இருந்தால் மணிக்கு 0.6 யூனிட். எட்டு மணி நேரத்துக்கு 4.8. அறுபது நாளுக்கு 288. நீங்கள் பார்த்து வைத்த ஏசியில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு குறை உண்டு. இந்தச் சோதனை அறைக்குள் 27 டிகிரி, வெளியே 24 முதல் 43 டிகிரி வரை பலவித வெப்பம் என்று வைத்துச் செய்வது. நாம் 24-ல் வைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் ஸ்டிக்கரில் உள்ளதை விடக் கூடுதலாகவே ஆகும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் மிச்சம் என்று பி.இ.இ. சொல்வதை நல்ல தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அறைக்கு அது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஸ்டிக்கரை மட்டும் நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பதால், என் வீட்டிலேயே ஒரு இரவு எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஏசியும் 1.5 டன் இன்வெர்ட்டர்தான். அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. எண்ணுகிற முறை எளிது. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கு என்பது போல ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். சில மீட்டரில் 1600, சிலவற்றில் 6400 என்று வேறு எண்ணும் இருக்கும். 3200 என்றால், ஒரு நிமிடத்தில் விழும் ஒவ்வொரு மினுக்கும் 18.75 வாட். நிமிடத்துக்கு நான்கு மினுக்கு என்றால் 75 வாட், அதாவது ஒரு பழைய சீலிங் ஃபேன். வேகமாக மினுக்கும்போது கண்ணால் எண்ண முடியாது. போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம்.

அன்று ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்து அணைத்து வைத்திருந்தோம். வீட்டில் ஓடியது அந்த ஏசியும் ஒரு ஃபேனும் மட்டும். ஏப்ரல் கடைசி, ஏசி 26-ல். இரவு 10.10-க்கு 84 மினுக்கு. ஃபேனுக்கு நாலு கழித்தால் 80, அதாவது 1,500 வாட். பதினொரு மணிக்கு 44, அப்படியென்றால் ஏசிக்கு 750. ஒன்றரை மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தபோது 30, ஏசிக்கு 490 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. விடியற்காலை ஐந்து மணிக்கு 24, வெறும் 375. காலை 6 மணிக்கு மீட்டரில் கூடியிருந்தது 5 யூனிட். ஃபேனின் 0.6 போக ஏசிக்கு 4.4. அதே அறையில் மே மாதம், ஊரிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து நான்கு பேர் படுத்து, 24-ல் வைத்து ஓட்டிய இரவில் 6.1 யூனிட் ஆனது. முதலில் சொன்ன 2,200-க்கும் 3,200-க்கும் இடையிலான இடைவெளி இங்கிருந்துதான் வந்தது. 4.4 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 264, பில் 3,295.80. 6.1 என்றால் 366, பில் 4,259.70. ஸ்டிக்கரில் இருந்து போட்ட 4.8 இரண்டுக்கும் நடுவில்தான் விழுகிறது. அதனால் வாங்குவதற்கு முன்னால் கணக்குப் போட ஸ்டிக்கர் எண் போதும் என்று தைரியமாகச் சொல்வேன்.

உங்கள் அறை எப்படி என்று எனக்கு எழுதவில்லை. மேலே இன்னொரு மாடி இருந்தால் குறையும். மேற்குச் சுவர் முழுக்க வெயில் வாங்கினால் கூடும். கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் அதை அடைக்காமல் ஏசி போடாதீர்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த 380 யூனிட் எந்த மாதங்களுக்கானது? தை, மாசி பில் என்றால் சித்திரையில் ஃபேனும் ஃபிரிட்ஜும் கூடுதலாக ஓடி, ஏசி இல்லாமலே 430, 440 வந்துவிடும். போன வருஷம் ஏப்ரல், மே பில்லை எடுத்துப் பார்த்து அந்த எண்ணில் இருந்து தொடங்குங்கள்.

மற்ற சாமான்களுக்கும் இதே வழிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு வாட்டைப் பார்க்கவே கூடாது, அது நின்று நின்று ஓடுவது. ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 200 யூனிட் என்றிருந்தால் ஆறால் வகுத்து 33 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதவு ரப்பர் தளர்ந்த பழைய ஃபிரிட்ஜுக்கு இது பொருந்தாது, அதை மினுக்கு எண்ணித்தான் பார்க்க வேண்டும். கீசரில் 3,000 வாட் என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. தண்ணீர் எவ்வளவு, எத்தனை டிகிரி சூடாக வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. 15 லிட்டரை 20 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.35 யூனிட் ஆகும். 2,000 வாட் கீசர் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துச் செய்வதை 3,000 வாட் கீசர் ஏழு நிமிடத்தில் செய்துவிடும், அவ்வளவுதான். செலவு ஒன்றே. சூடான தண்ணீரை மணிக்கணக்கில் தொட்டியில் வைத்திருந்தால்தான் வீண். தண்ணீர் மோட்டாரில் 1 எச்.பி. என்றால் 746 வாட் என்று பாடத்தில் படித்திருப்போம். அது மோட்டார் தண்டில் கிடைக்கும் சக்தி. கரண்ட்டில் இருந்து அது இழுப்பது அதைவிடக் கூடுதல், ஒரு கிலோவாட் என்று வைத்துப் போட்டால் தவறு வராது. தினம் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். மிக்ஸி 750 வாட்டாக இருந்தாலும் தினம் பத்து நிமிடம்தான், இரண்டு மாதத்துக்கு எட்டு யூனிட்டைத் தாண்டாது. அதை மிச்சம் பிடிக்க நினைத்து வீட்டில் சண்டை போட வேண்டாம்.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அதற்குள் இருப்பது ஒரு கெப்பாசிட்டர். பெரிய தொழிற்சாலையில் பவர் ஃபேக்டரை (இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை) சரி செய்ய அதற்கு வேலை உண்டு. நம் வீட்டு மீட்டர் உண்மையாகச் செலவான யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது, அதை இந்தப் பெட்டி குறைக்காது. வயதானவர்கள் பென்ஷன் பணத்தில் இதை வாங்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படும்.

அப்புறம், ஏசி போடலாமா வேண்டாமா என்ற இடத்துக்கு வருவோம். போடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதோடு சேர்த்து ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், இப்போது வரும், குறைவாக மின்சாரம் இழுக்கும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்தில் 28 வாட் பக்கம். ஒரு ஃபேனுக்கு 47 வாட் மிச்சம். தினம் 12 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 34 யூனிட். மூன்று ஃபேனுக்கு ஏறக்குறைய நூறு. சும்மா பார்த்தால் நூறு யூனிட்தானே என்று தோன்றும். ஆனால் புதுச் சாமான் மேல்படியில் போய் உட்காருவது போல, மிச்சம் பிடிக்கும் யூனிட்டும் மேல்படியில் இருந்துதான் கழியும். 668 என்பது 568 ஆகிறது, 3,522.60 என்பது 2,611.20 ஆகிறது. 911 ரூபாய் குறைகிறது. ஏசியையும் எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஆறு மணி நேரம் ஓடும்படி டைமர் வைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு நின்றுவிடச் செய்தால், மொத்தம் 496 யூனிட், பில் 1,779.80. ஏசி ஓடியும் இப்போது கட்டுவதை விட 700 ரூபாய்தான் கூடுதல். ஃபேனை மாற்றாமல் அதே ஆறு மணி நேரம் ஓட்டினால் 596 யூனிட், 2,846.40. இந்த 1,066 ரூபாய் வித்தியாசத்தில் 235 ரூபாய் 500-க்குள் நின்றதால் மட்டும் கிடைத்தது. 496 என்பது கத்தி முனையில் நிற்கிற எண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 0.6 என்ற சராசரியில் போட்ட கணக்கு இது. விடியற்காலையில் ஏசி இழுப்பது அதைவிடக் குறைவு என்பதால், அந்த இரண்டு மணி நேரத்தை நிறுத்தினால் மிச்சமும் இதைவிடக் குறையலாம், 500-ஐத் தாண்டவும் தாண்டலாம். விருந்தாளி வந்தால் தாண்டிவிடும். ஃபேனை எப்போதும் ரெகுலேட்டரில் குறைத்தே வைக்கிற வீடு என்றால் மிச்சமும் நூறு வராது, அறுபது எழுபதில் நிற்கும். உங்கள் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும்.

5 ஸ்டார் வாங்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டிக்கரில் 760 என்று இருக்கிற 5 ஸ்டார் என்றால் மணிக்கு 0.475 யூனிட், இரண்டு மாதத்துக்கு 228. மொத்தம் 608 யூனிட், பில் 2,955.60. 3 ஸ்டாரை விட 567 ரூபாய் குறைவு. வருஷத்தில் நான்கு மாதம்தான் ஓட்டுவீர்கள் என்றால் 1,134 மிச்சம். விலையில் 8,000 ரூபாய் வித்தியாசம் இருந்தால் அதை எடுக்க ஏழு வருஷம் ஆகும். பகலிலும் ஓடுகிற வீடு, வருஷம் எட்டு மாதம் ஓடுகிற வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 5 ஸ்டார் சொல்வேன். உங்கள் தேவைக்கு 3 ஸ்டாரும் மூன்று நல்ல ஃபேனும் மேல். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2022 ஜூலையில் இறுக்கியபோது அதுவரை 5 ஸ்டாராக இருந்த பல ஏசிகள் 4 ஸ்டார் ஆயின. அதனால் பழைய சரக்கின் நட்சத்திரத்தையும் புதிய சரக்கின் நட்சத்திரத்தையும் ஒப்பிடாதீர்கள். யூனிட் எண்ணையும், ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருஷத்தையும் பாருங்கள்.

போர்டில் இருந்து ஏசிக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கில் இருந்து இழுத்துக் கொடுத்தால் வயர் சூடாகும், அது பில்லை விடப் பெரிய ஆபத்து. வாடகை வீட்டில் சப் மீட்டர் வைத்து உரிமையாளர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடமாக இருந்தால், மேலே சொன்ன படிக் கணக்கு எதுவும் வேண்டாம். 288-ஐ அவர் சொல்லும் விலையால் பெருக்கினால் போதும்.

நீங்கள் பார்த்து வைத்த ஏசியின் ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட் எண்ணையும், போன ஏப்ரல், மே பில்லில் உள்ள யூனிட்டையும் எழுதுங்கள். அறை எந்த மாடி என்பதையும் சேர்த்துச் சொன்னால் உங்கள் வீட்டுக்கென்றே ஒரு கணக்குப் போட்டுத் தருகிறேன்.